ஏழு கிலோ கேபின் பையோடு ஆறு வாரம் ஐரோப்பா சென்றுவர முடியுமா?

ஏப்ரல் நடுவில் சென்னையிலிருந்து தோஹா வழியாகப் பாரிஸ் சென்று, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா, செக் நாடு என்று சுற்றிவிட்டு, மே இறுதியில் பிராக் நகரிலிருந்து ஊர் திரும்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் துணைவியாரும் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால் பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் ஏறி இறங்குவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது என்றும், ஆளுக்கொரு கேபின் பையோடு ஆறு வாரத்தையும் ஓட்டிவிட முடியுமா என்றும் கேட்கிறீர்கள். முடியும். உங்கள் வயதில் இப்படிப்பட்ட பயணம் போகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதே அந்த வழியைத்தான். பயணம் எத்தனை நாள் என்பதைக் கொண்டு பையின் அளவை முடிவு செய்வது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆனால் பையின் அளவை முடிவு செய்ய வேண்டியது ஒருமுறை துணி துவைத்து மறுமுறை துவைப்பதற்கு நடுவே எத்தனை நாள் என்பதுதான். நான்கைந்து நாளுக்குப் போதுமான துணி உங்களிடம் இருந்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை துவைக்கவும் வழி இருந்தால், ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் பையில் எந்த வேறுபாடும் இருக்காது.

இதைப் பணம் மிச்சம் பிடிக்கும் உத்தியாகப் பார்க்க வேண்டாம். சென்னையிலிருந்து செல்லும் உங்கள் டிக்கெட்டில் பெரும்பாலும் செக்-இன் பெட்டிக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கியிருப்பார்கள். கேபின் பையின் பயன் விமான நிலையத்துக்கு வெளியேதான் தெரியவரும். பாரிஸ் மெட்ரோ 1900-இல் தொடங்கப்பட்டது. பழைய வழித்தடங்களின் நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறவே பல படிக்கட்டுகள் ஏறி இறங்க வேண்டியிருக்கும். வெனிஸில் ரயிலை விட்டு இறங்கினால் காரோ ஆட்டோவோ கிடையாது. படகுத்துறையிலிருந்து விடுதிக்குப் போகும் சந்துகளில் கால்வாய்க்குக் கால்வாய் படி வைத்த பாலம் வரும். இத்தாலியின் சிங்க்வே தெர்ரே ஊர்களில் ஒன்றான கொர்னீலியாவில் ரயில் நிலையம் கீழே, ஊர் மேலே; இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 380 படிகள். ரோமிலும் பிராகிலும் பழைய நகரத் தெருக்கள் முழுக்கக் கருங்கல் பாவியவை, சக்கரப் பெட்டி அங்கே உருளாது, குதித்துக் குதித்துத்தான் வரும். பழைய கட்டடங்களில் உள்ள சிறிய விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது என்பதோடு, அவர்கள் முதல் மாடி என்று குறிப்பிடுவது நாம் எண்ணுவதைப் போலத் தரைத்தளத்துக்கு மேலுள்ள மாடியாக இருந்தாலும், அந்தக் காலத்து உயரமான கூரைகளால் ஒரு மாடிக்கே இரண்டு மாடி ஏறிய களைப்பு வந்துவிடும். இருபத்து மூன்று கிலோ பெட்டியை இதில் எந்த ஒன்றின் வழியாகவும் தூக்கிச் செல்லும் ஒருவருடைய இடுப்பும் முழங்காலும் அடுத்த இரண்டு நாளை அவருக்கு விட்டுவைக்காது.

பெட்டி தாமதமாவதும் கவனிக்க வேண்டியதுதான். விமானப் போக்குவரத்துத் தொழில்நுட்ப நிறுவனமான சிட்டா ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி 2024-இல் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் உரிய நேரத்தில் உரியவரிடம் சேரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை தொலைந்தவை அல்ல, தாமதமானவை. தாமதத்துக்குப் பெரிய காரணம் விமானம் மாறும் இடங்களில் பெட்டி மாறாமல் போவது. ஒரே ஊரில் மகன் வீட்டில் தங்குகிறவருக்கு இரண்டு நாள் தாமதம் ஒரு தொல்லை மட்டுமே. நான்கு நாளுக்கு ஓர் ஊர் மாறுகிறவருக்கு அது அப்படி இல்லை: பெட்டி பாரிஸுக்கு வந்து சேரும்போது நீங்கள் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனில் இருப்பீர்கள்.

இனி எடைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். கத்தார் ஏர்வேஸில் எகானமி வகுப்புக்கு 50 × 37 × 25 சென்டிமீட்டருக்குள் ஒரு பை, எடை 7 கிலோ. அதனுடன் ஒரு சிறிய தோள்பை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் நம் உள்நாட்டு விமானங்களும் அதே 7 கிலோவைத்தான் வைத்திருக்கின்றன. லுஃப்தான்சா 8 கிலோ தருகிறது, ஏர் பிரான்ஸ் பையும் தோள்பையும் சேர்த்து 12 கிலோ வரை அனுமதிக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் புறப்படும் வாரத்தில் உங்கள் டிக்கெட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் செக்-இன் கவுன்டரிலேயே கேபின் பையைத் தராசில் வைக்கச் சொல்வது வழக்கம். ஐரோப்பாவுக்குள் எடையைவிட அளவைத்தான் பார்ப்பார்கள்.

இந்த ஏழு கிலோவில் பையின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் உணர்கிறார்கள். கடினமான ஓடு உள்ள சக்கர டிராலி ஒன்று காலியாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். அதாவது ஒரு துணிகூட வைக்குமுன் உங்களுக்குக் கிடைத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மெல்லிய நைலானில் தைத்த, முன்பக்கம் பெட்டிபோல் முழுதாகத் திறக்கும் முதுகுப்பை ஒன்று ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள் கிடைக்கும். நான் பரிந்துரைக்கும் அளவு 50 × 35 × 20 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சரியாக 35 லிட்டர். கத்தார் ஏர்வேஸின் அளவுக்குள்ளும், குறைந்த கட்டண விமான நிறுவனமான ரயன்ஏர் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் 55 × 40 × 20 அளவுக்குள்ளும் அது அடங்கும். இடுப்பில் கட்டும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கினால் ஏழு கிலோவை அறுபது வயதுக்காரர் அரைமணி நேரம் சிரமமின்றிச் சுமக்கலாம். முதுகில் சுமக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் துணியாலான, இரண்டு கிலோவுக்கு உட்பட்ட சக்கரப் பையைத் தேடுங்கள்.

வீட்டில் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் அதுதான் உங்களுக்கு மிகவும் பயன்படும் கருவி. எடுத்துவைக்க நினைக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்துத் தாளில் எழுதுங்கள். கண்ணுக்குச் சிறிதாகத் தெரிவது கனமாகவும், பெரிதாகத் தெரிவது இலேசாகவும் இருப்பதை அப்போதுதான் காண்பீர்கள். என் கணக்கில் பை 1.2 கிலோ, உள்ளே வைக்கும் துணி 2.6 கிலோ, மழைச்சட்டை 300 கிராம், இரண்டாவது காலணி 400 கிராம், குளியல் பொருள்கள் 500 கிராம், சார்ஜர் முதலிய மின்பொருள்கள் 800 கிராம், மருந்தும் தாள்களும் 500 கிராம், உணவு 300 கிராம், மொத்தம் 6.6 கிலோ. மிச்சமிருக்கும் 400 கிராமை நிரப்பாமல் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் விமான நிலையத் தராசும் உங்கள் வீட்டுத் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று உறுதியில்லை. மின்பொருள்களும் மருந்தும் தோள்பைக்குப் போய்விடும் என்பதால் உண்மையில் பெரிய பை இன்னும் இலேசாகவே இருக்கும். தோள்பையையும் சேர்த்து நிறுக்கச் சொன்னாலும் அஞ்ச வேண்டியிராத கணக்கு இது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸில் காலையில் ஏழெட்டு டிகிரியும் பகலில் பதினைந்து முதல் இருபது டிகிரியும் இருக்கும், இடையிடையே மழையும் வரும். மே மாத ரோமில் பகல் வெயில் இருபத்து மூன்று இருபத்து நான்கு டிகிரிக்கு ஏறும். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையத்துக்குப் போகும் நாளில் மே மாதத்திலும் பனியில்தான் நிற்பீர்கள். இந்த மூன்றுக்கும் மூன்று வகைத் துணி கொண்டுபோனால் பை கொள்ளாது. ஒரே துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து மூன்றையும் சமாளிக்க வேண்டும். உடலை ஒட்டிய மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மழைச்சட்டை. நான்கையும் அணிந்தால் யுங்ஃபிராவ்யோக். முதலாவதையும் கடைசியையும் கழற்றினால் பாரிஸ். சட்டை மட்டும் என்றால் ரோம். துணி அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதனால் தடித்த ஜாக்கெட் ஒன்றைவிட மெல்லிய மூன்று துணிகள் குறைந்த எடையில் அதே வேலையைச் செய்யும். பருமனான குளிர்கோட்டை வாங்கிவிடாதீர்கள். அது ஆறில் ஐந்து வாரம் பையை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

எந்த இழை என்பது எத்தனை துணி என்பதைவிட முக்கியம். பருத்தி நம் வெயிலுக்கு உகந்தது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் குளிர்நாட்டு அறைக்குள் ஓர் இரவில் காயாது. ஜீன்ஸ் பேன்ட் அதைவிட மோசம், எடையும் அறுநூறு எழுநூறு கிராம் வரும், ஈரமானால் இரண்டு நாள் காத்திருக்க வைக்கும். பாலியஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரத்தை ஏற்பதில்லை, ஆகவே சீக்கிரம் காயும்; ஆனால் வியர்வை வாடையை விடாது. மெரினோ என்னும் மெல்லிய ஆட்டுக்கம்பளி, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை உள்வாங்கியும் ஈரமாக உணர்த்தாது, இரண்டு மூன்று நாள் அணிந்தாலும் நாறாது. விலை கூடுதல்தான், ஆளுக்கு ஒரு மெரினோ உள்சட்டையும் இரண்டு ஜோடி மெரினோ காலுறையும் வாங்கினால் அந்தப் பணம் வீணாகாது. மற்றவற்றுக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த மெல்லிய சட்டைகள் போதும்.

உங்களுக்கு: அணிந்திருப்பதைத் தவிர மூன்று சட்டை, ஒரு மெல்லிய பேன்ட், நான்கு உள்ளாடை, மூன்று காலுறை, ஸ்வெட்டர், தெர்மல், இரவுக்கு ஒரு லுங்கி. உங்கள் துணைவியாருக்கு: மூன்று குர்தா, அவற்றில் எதனுடனும் பொருந்தும் கருப்பு அல்லது கருநீலத்தில் இரண்டு கால்சட்டை, உள்ளாடைகள், ஸ்வெட்டர், தெர்மல், ஒரு பெரிய துப்பட்டா. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் அந்தத் துப்பட்டா அங்கும் உதவும், விமானத்தில் போர்வையாகவும் உதவும். சேலை இல்லாமல் எப்படி என்று அவர் கேட்கக்கூடும். நானூறு கிராமுக்குள் இருக்கும் ஜார்ஜெட் அல்லது கிரேப் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். அது கசங்காது, மூன்று மணி நேரத்தில் காயும். பட்டுச் சேலை வேண்டாம்: அது ஜரிகையின் கனத்தோடு முக்கால் கிலோவைத் தாண்டிவிடும், உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்தால் பையின் துணிக் கணக்கில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

துண்டு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஐரோப்பியப் பயணிகள் சீக்கிரம் காயும் துண்டு என்று சிறப்பாக விலை கொடுத்து வாங்குவது எதுவோ அது நம் வீட்டுக் கொடியில் எப்போதும் தொங்குகிறது. ஈரிழைத் துண்டு ஒன்று எடை குறைவு, பிழிந்து உதறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், வெயிலுக்குத் தலையிலும் போட்டுக்கொள்ளலாம். அதில் ஆளுக்கு ஒன்று போதும்.

துவைப்பது பெரிய வேலை என்று எண்ண வேண்டாம். குளிக்கும்போதே அன்றைய உள்ளாடையையும் காலுறையையும் அலசிப் போடுவது நம்மில் பலருக்கு நாள்தோறும் உள்ள பழக்கம். அதை அங்கேயும் தொடர்ந்தால் பாதி வேலை முடிந்தது. சலவை சோப்பு ஒரு துண்டு போதும், அது திரவம் அல்ல என்பதால் பாதுகாப்புச் சோதனையிலும் தடையில்லை. குளிர்நாட்டில் துணி காய்வதற்கு ஒரு வழி உண்டு: கையால் பிழிந்தபின், விடுதியில் தரும் பெரிய உலர்ந்த துண்டை விரித்து அதன்மேல் ஈரத்துணியைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் இறுகச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதியுங்கள். ஈரத்தில் பெரும்பகுதி அந்தத் துண்டுக்கு மாறிவிடும். பிறகு தொங்கவிட்டால் மெல்லிய துணிகள் காலைக்குள் காயும். ஆணியோ ஊக்கோ இல்லாமல் துணி செருகத்தக்க முறுக்குக் கயிறு ஒன்றைக் குளியலறையில் கட்டிக்கொள்ளுங்கள். அறையின் மரச்சாமான்கள்மீது ஈரத்துணி போடுவதை எந்த விடுதியும் விரும்பாது. ஏப்ரல் பிற்பகுதியில் பல கட்டடங்களில் வெப்பமூட்டியை நிறுத்திவிடுவார்கள், வெனிஸ் போன்ற நீர் சூழ்ந்த ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கெல்லாம் துவைப்பதை ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.

பேன்ட், லுங்கி, ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு வாரம் ஒருமுறை காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போகலாம். எல்லா நகரங்களிலும் அவை உண்டு. துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், இருவர் துணியும் ஒரே இயந்திரத்தில் அடங்கும். இன்னொரு வழி, பயணத்தின் நடுவில் இரண்டு இடங்களிலாவது விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறையும் துவைக்கும் இயந்திரமும் உள்ள சிறிய வாடகை வீட்டை நான்கு நாளுக்கு எடுப்பது. துணியும் சுத்தமாகும், ரசம் வைத்துச் சாப்பிடவும் முடியும். உங்கள் ஆறு வாரத்தை வரைபடத்தில் குறிக்கும்போது இந்த இரண்டு வீடுகளை முதலில் குறித்துக்கொண்டு மற்ற ஊர்களை அவற்றைச் சுற்றி அமையுங்கள் என்பது என் வேண்டுகோள்.

காலணி இரண்டு ஜோடிக்கு மேல் கூடாது. நடப்பதற்கான, நன்கு பழகிய ஷூவை அணிந்துகொள்ளுங்கள், இலேசான செருப்பு ஒன்றைப் பையில் வையுங்கள். புறப்படுவதற்கென்று புது ஷூ வாங்குகிறவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி நாள்தோறும் நடந்து பழக வேண்டும். விமானம் ஏறும் நாளில் கனமானவை எல்லாம் உடலில் இருக்கட்டும்: ஷூ, பேன்ட், கையில் ஸ்வெட்டர், மழைச்சட்டையின் பைகளில் போனும் கண்ணாடியும். சென்னையின் ஏப்ரல் வெக்கையில் அவற்றை அணிய வேண்டியதில்லை, கையில் தொங்கவிட்டால் போதும்.

திரவங்களுக்கான விதி 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்டதிலிருந்து வந்தது. 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத புட்டிகள், அவை அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, ஒளி ஊடுருவும் மூடுபைக்குள். புதிய ஸ்கேனர் வந்த சில ஐரோப்பிய விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் நீங்கள் கடக்கும் எல்லா நிலையங்களிலும் அது இல்லாததால் பழைய விதிக்கே தயாராகுங்கள். புட்டியில் பாதிதான் இருக்கிறது என்பது செல்லாது, புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு. திரவத்தைத் திடமாக மாற்றுவது நல்ல வழி: உடல் சோப்புக் கட்டி, ஷாம்புக்குப் பதில் சீயக்காய்த் தூள் ஒரு சிறு பொட்டலம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்றாலும் சோதனையில் அதைத் திடப்பொருளாக ஏற்க மாட்டார்கள். பற்பசையும் முகச் சவரக் கிரீமும்கூட இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

உணவுதான் நம்மவர்கள் பையைக் கனக்கவைக்கும் பெரிய காரணம், அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிறிய குக்கர், அரிசி, அவல், ஊறுகாய், புளிக்காய்ச்சல் என்று ஒரு மளிகைக்கடையையே தூக்கிச் செல்வதால் கேபின் பைப் பயணம் நடக்கவே நடக்காது. ஊறுகாயும் தொக்கும் புளிக்காய்ச்சலும் நெய்யும் சோதனையில் திரவம் அல்லது கூழ்ப்பொருள் வகையில் சேரும். மிளகாய் ஊறுகாயை நம் நாட்டு நிலையங்களிலேயே கேபின் பையில் அனுமதிப்பதில்லை. கொப்பரைக்கு எளிதில் தீப்பற்றும் பொருள் என்று தடை உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவரக் கூடாது என்பதால் நெய்யும் பால்கோவாவும் அங்கே சட்டப்படி செல்லாது. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய்கறி, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்; வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே கறிவேப்பிலையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போவதை மறந்துவிடுங்கள். கசகசாவும் வேண்டாம், ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருவது, விமானம் திசைமாறி வேறு நாட்டில் இறங்க நேர்ந்தால் வீண் வழக்கில் மாட்டவைக்கும்.

பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் மட்டும் சேர்த்து 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி ஐரோப்பாவின் எந்தச் சிறு பல்பொருள் கடையிலும் கிடைக்கும், தயிரும் அப்படியே. பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே லா ஷாப்பெல் பகுதியில், ஃபோபூர் சேன் தெனி தெருவின் இரு புறமும் ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், அப்பளம், சாம்பார்ப் பொடி எல்லாமே அங்கே வாங்கலாம், சோறும் கறியும் உட்கார்ந்து சாப்பிடலாம். உங்கள் பயணம் அந்த ஊரில்தான் தொடங்குகிறது என்பதால் சென்னையிலிருந்து சுமந்து போக ஒரு காரணமும் இல்லை.

மருந்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், வேறு எதை விட்டாலும் சரி. ஆறு வாரத்துக்கும் அதற்கு மேல் பத்து நாளுக்குமான மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொண்டு, பாதியை ஒருவர் பையிலும் பாதியை மற்றவர் பையிலும் வையுங்கள். மருத்துவரின் சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப் பெயரும் இருக்கட்டும். நம் ஊர் வணிகப் பெயர்கள் ஐரோப்பிய மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. இன்சுலின் போடுகிறவரானால் அது எப்போதும் உங்களுடன்தான் வர வேண்டும், விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்தால் பயனற்றுப் போகும். மருந்தாக எடுத்துச் செல்லும் திரவங்களுக்கு 100 மில்லி லிட்டர் வரம்பு பொருந்தாது, ஆனால் சீட்டைக் கேட்பார்கள்.

மின்பொருள்களில் சொல்ல அதிகம் இல்லை. பிரான்ஸ் முதல் செக் வரை மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். நம் போன் சார்ஜர்களின் இரண்டு முள் பிளக் அங்கே பொருந்தும், லேப்டாப்பின் பெரிய மூன்று முள் பிளக்தான் பொருந்தாது. லேப்டாப்பே வேண்டாம், ஒரு டேப்லெட் போதும். பவர் பேங்க் கேபினில் மட்டுமே வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர்-மணி வரை முன் அனுமதி தேவையில்லை. இருவருக்கும் 10,000 கொள்ளளவுள்ளது ஒன்று போதும், அதன் எடை இருநூறு கிராம். பறக்கும்போது அதைப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் தடை விதித்திருப்பதால் போனைப் புறப்படுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இடையில் ரோமிலிருந்து வியன்னாவுக்குக் குறைந்த கட்டண விமானம் எடுக்க நினைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த நிறுவனங்கள் இலவசமாக விடுவது இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறு பையை மட்டுமே. ரயன்ஏரில் அது 40 × 30 × 20, ஈஸிஜெட்டில் 45 × 36 × 20. உங்கள் 35 லிட்டர் பைக்கு டிக்கெட் எடுக்கும்போதே கட்டணம் சேர்த்துவிடுங்கள், விமானம் ஏறும் வாயிலில் பிடிபட்டால் பலமடங்கு கேட்பார்கள். எனக்கு உகந்த வழி ரயில்தான். ரோமிலிருந்து வியன்னாவுக்கு ஆஸ்திரிய ரயில்வேயின் இரவு ரயில் இருக்கிறது, படுத்துக்கொண்டே போகலாம், பையை எவரும் நிறுக்க மாட்டார்கள்.

இந்த முறை எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. பயணத்தின் முடிவில் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள், பேரப்பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசும் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோக வேண்டும் என்றால், அந்த அன்பின் சுமையைக் குறைக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அப்படியானால் ஒரு பெட்டியைச் செக்-இன் செய்து நேரே அந்த வீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு கேபின் பையோடு ஊர் சுற்றுங்கள். டிசம்பரில் ஃபின்லாந்து போகிறவருக்கும், திருமணத்துக்குப் போகிறவருக்கும் ஏழு கிலோ போதாது. ஆனால் உறவினர் தம் மகனுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலங்களை ஏற்காதீர்கள். எடைக்காக மட்டுமல்ல, உள்ளே இருப்பதற்கு நீங்களே பொறுப்பாளி என்பதால். கேபின் பை மட்டுமே கொண்டுபோகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது பையை முழுதாக அடுக்கி, அதை முதுகில் மாட்டிக்கொண்டு உங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி இறங்கிப் பாருங்கள், இருவரும் தனித்தனியாக. மூச்சு வாங்கினால் எதை எடுத்துவிடலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும். விட்டுப்போனது எதுவாயினும், மருந்தும் பாஸ்போர்ட்டும் தவிர, அங்கே வாங்கக்கூடியதே.

திரும்பும் பயணத்துக்கு மட்டும் கணக்கு வேறு. பிராகில் பரிசுப் பொருள்கள் வாங்க விரும்புவீர்கள். நூறு கிராம் எடையுள்ள மடிப்புப் பை ஒன்றை முதலிலேயே அடியில் போட்டுக்கொண்டு போங்கள். டிக்கெட்டில் செக்-இன் உரிமை இருக்கிறதே, கடைசி நாளில் முதுகுப்பையைக் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டு, உடையக்கூடிய கண்ணாடிச் சாமான்களை மடிப்புப் பையில் கையோடு எடுத்து வரலாம். ஒப்படைக்குமுன் பவர் பேங்கும் மருந்தும் வீட்டுச் சாவியும் முதுகுப்பையிலிருந்து தோள்பைக்கு மாறிவிட்டனவா என்று இருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.